ஒரே நெருப்பில் சமையலும் வெளிச்சமும்

ஒரு மாரிகாலப் பின்னேரம், இடம்பெயர்ந்து வந்து பிறருடைய வளவில் கொட்டில் போட்டிருக்கும் சில குடும்பங்களோடு கூடியிருந்தோம். பேச வந்த விடயம் வீட்டுத்தோட்டம். ஆனால் மூன்று நாள் மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தபடியால் பேச்சு தானாகவே விறகுக்குத் திரும்பிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து கேட்டார்: “பாதர், அடுப்பு ஒரு பக்கம் எரியுது. பிள்ளையள் படிக்க விளக்கு மற்றப் பக்கம் எரியுது. இரண்டும் நெருப்புத்தானே? ஒரே நெருப்பில இரண்டு வேலையும் செய்ய ஏலாதோ?”

சிலர் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற கேள்வி அல்ல. யப்பானிலும் ஜேர்மனியிலும் படித்த பொறியியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதும் இதே கேள்வியைத்தான். ஒரே எரிபொருளை எரித்து அதிலிருந்து மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருசேர எடுத்துப் பயன்படுத்தும் முறையை ‘இணைந்த வெப்ப மின் உற்பத்தி’ என்கிறார்கள். இதை ஒரு வீட்டின் அளவுக்குச் சுருக்கி அமைக்க முடியுமா, அமைத்தால் நம்மைப் போன்ற கமக்காரக் குடும்பங்களுக்குப் பயன் உண்டா என்பதை அன்று அந்தத் தாய்க்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். முழு விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

இயந்திரத்தில் வீணாகும் சூடு

தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினை எல்லோரும் அறிவோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு மெசினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைத்தோம். இறைத்து முடிந்த கையோடு அந்த மெசினின் புகைக்குழாயில் கைபட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். கை வெந்துபோகும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மண்ணெண்ணெயிலிருந்துதான்.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 அலகு சக்தி இருக்கிறது. அலகு என்று நான் சொல்வது மின்சாரப் பட்டியலில் வருகிற அதே யூனிற்றைத்தான். வீட்டுக்குப் பாவிக்கும் சிறிய ஜெனரேற்றரில் அந்த ஒரு லீற்றரை எரித்தால் ஒன்றரை அல்லது இரண்டு அலகு மின்சாரமே கிடைக்கும். மிச்சம் எட்டு அலகும் சூடாகப் போய்விடுகிறது. பாதி புகையோடு போகிறது, பாதி இயந்திரத்தின் உடம்பிலிருந்து காற்றுக்குப் போகிறது. ஐந்து மூடை நெல்லை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது நான்கு மூடையை வழியில் கொட்டிவிட்டுப் போவது போன்ற கணக்கு இது. இயந்திரம் பழுது என்பதல்ல இதற்குக் காரணம். எரிபொருளின் சூட்டைச் சுழற்சியாக மாற்றும் எந்த இயந்திரமும் ஒரு பங்கைச் சூடாகவே வெளியே விட்டாக வேண்டும் என்பது இயற்கையின் விதி. புதிதாக வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

ஆகவே மாற்றக்கூடியது ஒன்றுதான். வெளியே போகிற அந்தச் சூட்டைப் பிடித்து ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டு, புகைக்குழாயையும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளால் எடுத்தால் சுடுதண்ணீர் கிடைக்கும். மின்சாரத்தையும் சுடுதண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 80, 90 பங்குவரை பயன்படுத்திவிடலாம்.

இது புது விடயம் என்று நினைக்கவேண்டாம். சீனித் தொழிற்சாலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுப்பார்கள். அந்த நீராவி முதலில் மின்சாரம் தரும் சக்கரத்தைச் சுழற்றும். பிறகு அதே நீராவி கரும்புச் சாற்றைக் காய்ச்சும். வெளியிலிருந்து விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பெரிய ஆலையில் இது வெகு காலமாக நடக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

குளிர்நாட்டில் நடந்தவை

ஜேர்மனியில் 1996 முதல் ‘டக்ஸ்’ என்ற பெயரில் ஓர் இயந்திரம் விற்கப்பட்டது. அடுக்களைக் குளிர்சாதனப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. 5 கிலோவாற்றுக்குச் சற்று மேல் மின்சாரமும் அதன் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பமும் தரும். நிலவறையில் வைத்தால் சில குடும்பங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தைக் குளிர்காலம் முழுதும் சூடாக வைத்திருக்கும். யப்பானில் 2003 இல் ஹொண்டாக் கம்பனியின் சிறிய எரிவாயு இயந்திரத்தை வைத்து ‘ஈக்கோவில்’ என்ற வீட்டு அமைப்பு வந்தது. மின்சாரம் 1 கிலோவாற்று, வெப்பம் 3 கிலோவாற்று அளவு. யப்பானியர் ஒவ்வோர் இரவும் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் குளிக்கிறவர்கள். அதனால் அந்த வெப்பம் வீணாகவில்லை. இருந்தும் 2017 அளவில் அதன் விற்பனை முடிந்துவிட்டது. அதற்குள் 2009 இல் ‘எனி பாம்’ என்ற எரிபொருட் கலம் சந்தைக்கு வந்திருந்தது. அதில் சுழலும் இயந்திரமே இல்லை. ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது மின்சாரமும் சூடும் வருகின்றன. முதலில் விற்கும்போது அதன் விலை 30 இலட்சம் யென்னுக்கு மேல். அரசாங்கம் மானியம் கொடுத்துத்தான் பரப்பியது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ‘விஸ்பர்ஜென்’ என்ற இன்னொன்றைச் செய்தார்கள். அதன் உள்ளே இருந்தது ஸ்ரேர்லிங் இயந்திரம். இதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தத் தாய் கேட்டதற்கு மிகக் கிட்ட வருவது இதுதான். ஸ்கொட்லாந்தில் றொபேட் ஸ்ரேர்லிங் என்ற போதகர் 1816 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்ற இயந்திரங்களில் எரிபொருள் உள்ளே வெடித்து எரிகிறது. இதிலோ நெருப்பு வெளியே இருக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கம் சூடாகி விரிந்து, மறுபக்கம் குளிர்ந்து சுருங்கி, அந்த ஏற்ற இறக்கத்தில் சக்கரம் சுழல்கிறது. ஆகவே விறகோ, உமியோ, பனை ஓலையோ எதை எரித்தாலும் சரி. குருவானவருக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் இந்தப் போதகரின் பெயரைத்தான் சொல்வது வழக்கம்.

ஆனால் இருநூறு வருடமாகியும் அது ஏன் எங்கள் அடுப்படிக்கு வரவில்லை? உள்ளே இருக்கும் காற்றோ வாயுவோ ஒழுகாமல் அடைத்து வைக்க வேண்டும், சூடான பக்கம் வருடக்கணக்காகச் செந்நெருப்பைத் தாங்க வேண்டும். இதற்கேற்ற உலோகமும் வேலைப்பாடும் மலிவாகக் கிடைப்பதில்லை. ஒல்லாந்தின் பிலிப்ஸ் கம்பனி, மின்சாரம் இல்லாத ஊர்களில் வானொலி கேட்பதற்காக 200 வாற்றுத் தரும் ஸ்ரேர்லிங் ஜெனரேற்றர் ஒன்றை 1950களின் தொடக்கத்தில் செய்து முடித்தது. அந்த நேரம் பார்த்து ட்ரான்சிஸ்ரர் வந்தது. சின்னப் பற்றறியில் பாடும் றேடியோ வந்தபின் அந்த ஜெனரேற்றரை யார் வாங்குவார்கள்? சிறு தொகையோடு நிறுத்திவிட்டார்கள். விஸ்பர்ஜென்னும் நீடிக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு வகை உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிராக வைத்தால் மின்சாரம் ஓடும் என்று 1821 இல் செபெக் என்பவர் கண்டார். 1950களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இத்தகைய தகடுகளைப் பொருத்தி, அந்தச் சூட்டில் வானொலி கேட்டார்கள். விளக்கு வெளிச்சமும் தந்தது, பாட்டும் தந்தது. கிடைத்த மின்சாரம் ஏறக்குறைய 3 வாற்று. சைக்கிள் டைனமோவின் அளவுதான் அது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மாறி மாறிச் சுற்றி செய்தி கேட்ட எங்கள் தலைமுறைக்கு 3 வாற்றின் அருமை தெரியும். இன்று இதே முறையில் விறகடுப்போடு இணைத்து, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கு எரிக்கவும் செய்யப்பட்ட அடுப்புகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. விலை எங்கள் கைக்கு எட்டாது. அடுப்பு எரியும் நேரம் மட்டுமே மின்சாரம் வரும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இவ்வளவையும் படித்தபின் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு 5 கிலோ விறகு எரிக்கிறது என்று வைப்போம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 அலகு சக்தி. ஆக 20 அலகு. மூன்று கல் வைத்த அடுப்பில் இதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பானைக்குப் போகிறது, அதாவது 2 அல்லது 3 அலகு. மீதி அடுப்படியையும் அம்மாவின் கண்ணையும் சுடுகிறது.

வெளிச்சத்துக்கு என்ன வேண்டும்? 5 வாற்று எல்.ஈ.டி. விளக்கு நான்கு, 5 மணித்தியாலம் எரிந்தால் 100 வாற்று மணி. அது ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கு. தொலைபேசி, வானொலி எல்லாம் சேர்த்தாலும் 0.15 அலகைத் தாண்டாது.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 0.15. எங்கள் வீடுகளுக்கு வேண்டிய சக்தி கிட்டத்தட்ட முழுவதும் சூடுதான். குளிர்நாட்டில் செய்யும் இயந்திரம் மூன்று பங்கு சூட்டுக்கு ஒரு பங்கு மின்சாரம் தருகிறது. எங்களுக்கு வேண்டியதோ நூறு பங்கு சூட்டுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதிலும் எங்களுக்கு வேண்டியது உலைநீர் கொதிக்கிற சூடு, வீட்டை வெதுவெதுப்பாக்கும் சூடு அல்ல. வன்னி வெயிலில் வீட்டைச் சூடாக்க இயந்திரம் வாங்குகிறவன் பைத்தியக்காரன்.

எனவே தனி வீட்டுக்கு ஜெனரேற்றரும் சுடுதண்ணீர்த் தொட்டியும் இணைந்த அமைப்பு வேண்டாம் என்பதே என் முடிவு. யாராவது திட்டத்தோடு வந்து இலவசமாகத் தருகிறோம் என்றாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். மீள்குடியேற்றம் தொடங்கிய புதிதில் ஒரு கிராமத்தில் இப்படி நடந்தது. கொடுத்தவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாகச் சாண எரிவாயுக் கிடங்கும், அந்த வாயுவில் ஓடும் ஜெனரேற்றரும் அமைத்துக் கொடுத்தார்கள். திறப்பு விழாவில் நானும் நாடா வெட்டும்போது பக்கத்தில் நின்றேன். மாடுகள் எத்தனை என்று நானும் கேட்கவில்லை. பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த சனம் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, அப்போதுதான் ஆளுக்கு ஒன்றிரண்டு கன்று வாங்கியிருந்தது. கிடங்கு ஒருநாளும் நிரம்பவில்லை. வந்த கொஞ்ச வாயுவில் இருந்த ஐதரசன் சல்பைட்டு இயந்திரத்தின் உள்ளுறுப்பை அரித்துவிட்டது. எட்டு மாதத்தில் அது நின்றுபோயிற்று. அடுத்த முறை போனபோது அதன்மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

சாண எரிவாயு: எங்கே பொருந்தும்

மேலே சொன்ன கதையால் சாண எரிவாயுவையே ஒதுக்கிவிடக் கூடாது. பிழை வாயுவில் இல்லை. அதை மின்சாரமாக்க அவசரப்பட்டதிலும் சாணத்தை எண்ணாததிலும் இருந்தது.

சாணத்தைத் தண்ணீரில் சமபங்காகக் கரைத்து, காற்றுப் புகாத இடத்தில் விட்டால் நுண்ணங்கிகள் அதைச் சிதைக்கும். அப்போது வரும் வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மெதேன், மீதியில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. மெதேன்தான் எரிவது. எங்கள் சுவாத்தியத்தில் சாணம் 40 முதல் 50 நாள் உள்ளே இருந்தால் போதும். குளிர்நாட்டுக்காரர் தங்கள் கிடங்கைச் சூடாக்கவே வாயுவில் ஒரு பங்கைச் செலவழிக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவை வெயில் பார்த்துக்கொள்கிறது.

30 கிலோ சாணத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கனமீற்றர் வாயு வரும். அதில் 6 அலகு சக்தி இருக்கிறது. வாயு அடுப்பில் எரித்தால் பாதிக்கு மேல் பானைக்குப் போகும், அதாவது 3 அலகு. மேலே பார்த்த 5 கிலோ விறகு கல்லடுப்பில் தந்ததும் அதே 3 அலகுதான். ஆகவே 1 கனமீற்றர் வாயு ஐந்து பேரின் சமையலை ஓரளவு முடித்துவிடும். அதே வாயுவைச் சிறிய இயந்திரத்தில் ஓடவிட்டால் 1.2 முதல் 1.5 அலகு மின்சாரம். விளக்குக்கு வேண்டியதைவிடப் பத்து மடங்கு. ஆனால் அன்றைக்குச் சமைக்க விறகு பொறுக்கப் போகவேண்டும்.

சாண வாயுவில் நேரடியாக எரியும் மென்ரில் விளக்கும் உண்டு, எங்கள் பெற்றோமக்ஸ் போல. அது மணித்தியாலத்துக்கு 0.1 கனமீற்றருக்கு மேல் குடிக்கும். இரவில் மூன்று மணித்தியாலம் எரித்தால் சமையல் வாயுவில் மூன்றில் ஒன்று போய்விடும். எல்.ஈ.டி. வந்த பிறகு இது தேவையில்லாத செலவு.

இப்போது சாணக் கணக்கு. 30 கிலோ என்றால் எத்தனை மாடு? கட்டி வைத்துத் தீன் போடும் பெரிய மாடு நாளுக்கு 10 கிலோவும் போடும். எங்கள் நாட்டு மாடுகள் பகலில் மேயப் போய்விடும். இரவில் கொட்டிலில் கிடைப்பது 5, 6 கிலோதான். ஐந்தாறு மாடு வேண்டும். கடதாசியில் ‘இரண்டு மாடு போதும்’ என்று எழுதி வரும் விளம்பரங்களை நம்பிக் கிடங்கு வெட்டவேண்டாம். ஏழு நாள் காலையில் சாணத்தை அள்ளித் தராசில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன் சராசரியே உங்கள் கிடங்கின் அளவு.

வைக்கோலிலும் வாயு எடுக்கலாம். ஜா-எலயில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலை ஒரே தடவையில் நிரப்பி மூடிவிடும் உலர்முறைக் கிடங்கு ஒன்றைப் பரப்பியது. மாடில்லாத வயற்காரருக்கு நல்லது. ஆனால் நிரப்பவும் பின் வெறுமையாக்கவும் பல கைகள் வேண்டும்.

பிறர் காணியில் இருப்பவர்களுக்கு

இங்கேதான் உங்களுக்குரிய பிரச்சினை வருகிறது. செங்கல்லும் சீமெந்தும் கொண்டு நிலத்துக்கடியில் கட்டும் குவிமாடக் கிடங்கு நன்றாகப் பராமரித்தால் இருபது வருடமும் இருக்கும். ஆனால் நாளைக்கு உங்கள் சொந்தக் காணி விடுவிக்கப்பட்டு நீங்கள் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. காணிக்காரர் நல்லவராக இருக்கலாம், அவருடைய பிள்ளைகள் என்ன சொல்வார்களோ தெரியாது. கட்டிய கிடங்குக்காக மனஸ்தாபப்பட்டுப் பிரிந்த இரண்டு குடும்பங்களை நான் அறிவேன். எவ்வளவு காலம் இருக்கலாம், போகும்போது கிடங்குக்கு என்ன கணக்கு என்பதை எழுத்தில் வைக்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய வகை ஒன்று உண்டு. கொலம்பியாவிலும் வியட்னாமிலும் சிறு கமக்காரர் தடித்த பொலித்தீன் குழாயைக் கிடங்காகப் பாவிக்கிறார்கள். எட்டு மீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள இரட்டைப் பொலித்தீன் குழாயை வாய்க்கால் போல வெட்டிய குழியில் கிடத்தி, ஒரு முனையால் சாணக் கரைசல் போவதற்கும் மறுமுனையால் கழிவு வெளியே வருவதற்கும் குழாய் வைத்துக் கட்டுவார்கள். மேலே வீங்கி நிற்கும் பகுதியில் வாயு சேரும். இந்த அளவுக் குழாயில் 3,000 லீற்றர் கரைசல் நிற்கும். 30 கிலோ சாணமும் 30 லீற்றர் தண்ணீரும் நாளாந்தம் விட்டால் 50 நாள் கணக்குச் சரியாக வரும். வெயில் நேரே பட்டால் பொலித்தீன் இரண்டு மூன்று வருடத்தில் வெடிக்கும். ஆகவே மேலே கிடுகுப் பந்தல் போடவேண்டும், மாடும் நாயும் ஏறாமல் சுற்றி அலம்பல் வேலி கட்டவேண்டும். வேலிக்குக் கிளிரிசீடியாக் கதியால் நட்டால் இலை பசளைக்கும் தடி அடுப்புக்கும் உதவும்.

200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலில் செய்து காட்டுபவர்களும் உண்டு. பாடசாலைக் கண்காட்சிக்கு நல்லது. நாளுக்கு 2 கிலோ சாணத்தை மட்டுமே அது ஏற்கும், வரும் வாயுவில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்.

எந்த வகையானாலும் சிலவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கிணற்றிலிருந்து 50 அடிக்குக் கிட்ட வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கடியில் ஓடும் தண்ணீர் எல்லாக் கிணற்றுக்கும் பொது, உங்கள் கழிவு அயலவரின் குடிதண்ணீரில் போய்ச் சேரும். குழாய் மூட்டுகளில் ஒழுக்கு இருக்கிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்காதீர்கள். கட்டிய கிடங்குக்குள் துப்புரவு செய்ய இறங்கியவர்கள் மூச்சடைத்து இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஒருவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் அதிலேயே போய்விடுவார். உள்ளே இறங்கவே வேண்டாம்.

வெளியே வரும் கழிவுக்கு மணம் குறைவு, ஈயும் அவ்வளவாக மொய்க்காது. அதில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது கையில் இத்தகைய கழிவு வைத்திருந்தவர்களின் கத்தரியும் மிளகாயும் தப்பிக்கொண்டன. வாயுவைவிட இந்தப் பசளைக்காகவே கிடங்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லும் ஒரு தோட்டக்காரரும் எனக்குத் தெரிந்தவர்.

வெளிச்சத்துக்கு

2022 மார்ச் முடிவில் நாடு முழுதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. அதே வருடம் ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. போத்தல் விளக்கை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வீடுகளுக்கு அது பெரிய அடி. வெளிச்சத்துக்கு நெருப்பு வேண்டாம் என்று அன்றிலிருந்து நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லி வருகிறேன். 50 வாற்று சோலார்த் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு 150 முதல் 200 வாற்று மணி தரும். மேலே கணக்கிட்ட 0.15 அலகு அதில் வந்துவிடுகிறது. மாரியில் பாதிதான் கிடைக்கும், அப்போது இரண்டு விளக்கை அணைத்து வைக்கவேண்டும். இடம் மாறும்போது தகட்டைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். பற்றறி மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அதற்கு மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இன்னமும் போத்தல் விளக்குத்தான் என்றால், சரிந்தால் உருண்டு எண்ணெய் சிந்தாத விளக்கைப் பாவியுங்கள். தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளைப் பார்த்து வேதனைப்பட்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், கட்டையாகவும் பாரமாகவும் பக்கம் தட்டையாகவும் திருகு மூடியோடும் ‘சுதீபா’ என்ற விளக்கை உருவாக்கினார். 1998 இல் அதற்காக அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. ஜாம் போத்தலில் திரி விட்டுப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாரமும் மூடியும் சின்ன விடயமல்ல.

ஊராகச் சேர்ந்தால்

ஒரே நெருப்பில் இரண்டு வேலை என்பது தனி வீட்டில் கைகூடாவிட்டாலும் ஊராகச் சேர்ந்தால் கைகூடும் இடம் ஒன்று உண்டு. அது நெல் அவிக்கும் இடம். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒன்று, இரண்டு நாள் எடுக்கும், மணமும் ஏறும். 65 முதல் 70 பாகை சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் நான்கு மணித்தியாலம் போதும், அரிசி மணக்காது. இயந்திரத்தைச் சுற்றி ஓடிவரும் தண்ணீரின் சூடு சரியாக இந்த அளவுதான். 1 கனமீற்றர் வாயுவில் இயந்திரம் ஓடினால், அதன் வீண்சூட்டில் ஏறக்குறைய 50 லீற்றர் தண்ணீரை இந்தச் சூட்டுக்குக் கொண்டுவரலாம், அதில் 40 கிலோ நெல் ஊறும். அதே நேரம் இயந்திரம் தண்ணீர் இறைக்கும் அல்லது மா அரைக்கும். பிறகு ஆவியில் அவிக்க உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே.

பால் சேர்க்கும் நிலையங்களுக்கும் இது பொருந்தும். பாற்கலன் கழுவச் சுடுதண்ணீர் தினமும் வேண்டும், மாடு வைத்திருப்போர் தினமும் வருகிறார்கள், வரும்போது ஒரு வாளி சாணமும் கொண்டுவரலாம். ஆனால் இயந்திரத்துக்கு வாயு போகும் வழியில் துருப்பிடித்த இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் ஒன்று வைத்து ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்க வேண்டும். துருவல் கறுத்தவுடன் வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் பழைய நிறத்துக்கு வரும், திரும்பப் பாவிக்கலாம். நான் முன்னர் சொன்ன கிராமத்தில் இதற்கென்று ஒருவரையும் நியமிக்கவில்லை. இயந்திரத்தை அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தாய் ஏழு நாள் சாணத்தை நிறுத்துக்கொண்டு வந்தார். சராசரி 11 கிலோ. “காணாது பாதர், என்ன?” என்றார். காணாதுதான். மிஞ்சியிருந்த பணத்தில் ஒரு சோலார்த் தகடும் ஓர் அனகி அடுப்பும் வாங்கினார். அனகி என்பது களிமண்ணில் செய்த இரட்டை வாய் அடுப்பு, 1990களில் தெற்கில் பரவியது. முதற் பானையைச் சுட்ட நெருப்பு வெளியே போகுமுன் இரண்டாவது பானைக்குக் கீழாலும் போகும். முன்னையதைவிட மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம் என்று சொன்னார். ஒரே நெருப்பில் சோறும் கறியும் ஆகிறது, வெளிச்சம் மட்டும் கூரையிலிருந்து வருகிறது. மாடு இன்னும் மூன்று சேர்ந்தால் பொலித்தீன் குழாய் பற்றிக் கதைப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொப்பியை எறியாமல் வைத்திருக்கிறார்.